சுத்துப்பாதை

மதுரையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் சைக்கிளில் சுற்றுகிற நண்பர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். பேங்கில் வேலை பார்க்கிறவர், காலேஜ் வாத்தியார், கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற இரண்டு பிள்ளைகள், ஒரு பல் டாக்டரம்மா. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார்கள். கீழக்குயில்குடி சமணர் மலையைச் சுற்றி முடித்தாகிவிட்டது. அரிட்டாபட்டிக்கும் போய்வந்துவிட்டார்கள். தார் ரோடு அவர்களுக்குச் சலித்துவிட்டது. லாரி, பஸ் தொந்தரவு இல்லாத மண்பாதை வேண்டும். கண்மாய்க்கரை, வரப்பு, பனங்காடு என்று போக வேண்டும். "நீங்க மேலூர்ப் பக்கந்தானே, உங்க ஊரச் சுத்தி ஒரு பன்னெண்டு கிலோமீட்டருக்குப் பாதை சொல்லுங்க. படமா வரைஞ்சு குடுத்தா இன்னும் நல்லது" என்று அவர்களில் ஒருவர் போனில் கேட்டார். நல்ல மனிதர். எங்கள் கூட்டங்களுக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறவர்.

நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு வரைய உட்கார்ந்தேன். பஸ் நிற்கிற ரோடு, பள்ளிக்கூடம், மந்தை, ஊர்ச்சாவடி, கண்மாய், கலுங்கு, எங்கள் காலனி. இடமெல்லாம் சரியாக வந்துவிட்டது. அடுத்து கோடு போட வேண்டும். அவர்கள் கேட்கிற மாதிரிப் பாதை எங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுதான். காலனியின் தென்புறம் ஆரம்பித்து, உடைமரங்களுக்கு ஊடாகப் போய், கண்மாய்க்கரையில் ஏறி, கலுங்கைத் தாண்டி, பனைவரிசை ஓரமாக இறங்கி, புஞ்சைக்காட்டு வழியாகப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய் ரோட்டைப் பிடிக்கிற ஒத்தையடிப் பாதை. தண்ணீர் கிடக்கிற காலத்தில் அந்தக் கரையில் காலையில் நின்றால் மீன்கொத்தி விழுந்து எழும்புவதைப் பார்க்கலாம். எதிரே மலை தெரியும். ஊரிலேயே அழகான இடம் அதுதான் என்று நான் சத்தியம் செய்து சொல்வேன்.

பென்சில் கரை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அந்தப் பாதைக்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கிற பெயர் சுத்துப்பாதை. எதைச் சுற்றுகிற பாதை? ஊரைச் சுற்றுகிற பாதை. யார் போட்டது? யாரும் போடவில்லை. ஊர்த்தெரு வழியாக நடக்கக்கூடாது என்று இருந்த காலத்தில் என் அப்பத்தாவும் அப்பத்தாவின் ஆத்தாளும் அவர்கள் வயதுப் பெண்களும் நடந்து நடந்து புல் செத்துப்போன தடம் அது. இதை ஞாயிற்றுக்கிழமை காலைக் காற்று வாங்குவதற்கு நல்ல பாதை என்று நான் கோடு போட்டுக் கொடுக்கலாமா?

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். காலனியிலிருந்து மந்தை வழியாக ரோட்டுக்கு ஐந்து நிமிட நடை. சுத்துப்பாதையில் இருபத்தைந்து நிமிடம். போக இருபது, வர இருபது என்று நாளைக்கு நாற்பது நிமிடம் கூடுதல். வருஷத்துக்கு முந்நூறு நாள் வேலைக்குப் போனால் 200 மணி நேரம். அப்பத்தா குறைந்தது ஐம்பது வருஷம் நடந்திருக்கும். 10,000 மணி நேரம். இராப்பகலாகக் கணக்கிட்டால் 416 நாள். என் அப்பத்தாவின் ஆயுளில் ஒரு வருஷத்துக்கும் மேல், தலையில் சுமையோடு, இந்தச் சாதி தின்றிருக்கிறது. அடி உதை, தீவைப்பு, வெட்டு குத்து என்றால் பேப்பரில் வரும். இந்த 416 நாள் எந்தப் பேப்பரிலும் வராது. அப்பத்தாவுக்கே அது கணக்கில் தெரியாது. "அந்தப் பக்கம் போனா நெழலா இருக்கும் தாயி" என்றுதான் அது கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது.

நான் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும்போது 2005ல் அரசாங்கம் சைக்கிள் கொடுத்தது. 2001ல் எஸ்.சி., எஸ்.டி. மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம். பிறகு எல்லாருக்கும் என்று ஆனது. பள்ளிக்கூடத்து மைதானத்தில் வரிசையாக நிறுத்திவைத்து, கேரியரில் பேர் எழுதிய சீட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். எனக்கு ஓட்டத் தெரியும். அப்பாவின் பழைய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டது. வாங்கின சைக்கிளை மிதித்துக்கொண்டு நேராக மந்தை வழியாக வந்தேன். அந்த வயதுக்கு அது தைரியமாகக்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

மந்தையில் வேப்பமரத்தடியில் அம்பலகாரர் வீட்டுப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. முறைக்கவும் இல்லை. வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் இறங்கிவிட்டேன். இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தலையைக் குனிந்து, மந்தையைத் தாண்டி, அதற்கப்புறம்தான் ஏறினேன்.

யாராவது "இறங்குடி" என்று சொல்லியிருந்தால் இருபது வருஷமாக இது என்னை உறுத்திக்கொண்டிருக்காது. சொல்லியிருந்தால் அது அவர் செய்த குற்றம். சட்டப் பிரிவு சொல்லி எழுதலாம், மேடையில் பேசலாம். சொல்லாமல் இறங்கியது யார் கணக்கில் சேரும்? தாத்தா இறங்கினார், அப்பா இறங்கினார், எனக்கு முன்னால் மூன்று தலைமுறையின் கால்கள் இறங்கிப் பழகியிருந்தன, என் காலும் அதைச் செய்துவிட்டது என்று சமாதானம் சொல்லலாம். நம்முடைய கூட்டங்களில் 'உள்வாங்கப்பட்ட அடிமைத்தனம்' என்று இதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறோம். பெயர் வைத்துவிட்டால் தீர்ந்துவிடுகிற மாதிரி. என் காலுக்குச் சொந்தக்காரி நான்தானே. பதினாறு வயதுப் பிள்ளையை இப்படிப் போட்டு விசாரிக்கலாமா என்று கேட்பீர்கள். நான் விசாரிப்பது அந்தப் பிள்ளையை மட்டுமில்லை.

மறுநாளிலிருந்து இரண்டு வருஷம் சுத்துப்பாதையில்தான் சைக்கிள் விட்டேன். வீட்டில் கேட்டதற்கு மந்தையில் நாய் விரட்டுகிறது என்று பொய் சொன்னேன். முதல் வாரம் அழுகையாக வந்தது. பிறகு அந்தப் பாதை என்னைப் பிடித்துக்கொண்டது. எந்த இடத்தில் மணல், எந்த இடத்தில் வேர் நீட்டிக்கொண்டிருக்கிறது, கலுங்குச் சரிவில் பிரேக்கை எப்போது விடவேண்டும் எல்லாம் கைக்கு வந்துவிட்டது. கார்த்திகை, மார்கழியில் கண்மாய் நிறைந்து கிடக்கும்போது கரைமேல் காலைப் பெடலிலிருந்து எடுத்து நீட்டிக்கொண்டு போவேன். செம்போத்து ஒன்று தினமும் ஒரே பனையடியில் குறுக்கே நடக்கும். பாட்டு வரும், பாடுவேன். கேட்க ஆள் கிடையாது. என் வாழ்க்கையில் அதைவிட விடுதலையாக நான் இருந்த நேரம் குறைவு. பயந்து ஒதுங்கிப்போன பாதையில் அந்த விடுதலை கிடைத்தது. அப்படியென்றால் அது விடுதலைதானா? பயத்துக்குப் பிறந்த சந்தோஷத்தைச் சந்தோஷம் என்று சொல்லலாமா, அல்லது தோல்விக்குப் பூச்சூட்டிக்கொள்வதா?

எம்.ஏ. தமிழ் படிக்கிறபோது இது வேறு மாதிரி வந்து இடித்தது. நம் மொழியில் அறத்துக்கு இருக்கிற சொற்களில் பாதி பாதையிலிருந்து வந்தவை. நெறி என்றால் வழி. நெறி என்றால் ஒழுக்கமும். ஆறு என்றால் வழி. அறத்தாறு என்றால் அறத்தின் வழி. நல்ல வழி, கெட்ட வழி, வழி தவறியவன். நடை, நடத்தை. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை. பரிசு வாங்கித் திரும்புகிற பாணனோ கூத்தனோ எதிரே வருகிற ஏழைக் கலைஞனுக்கு இப்படிப் போ, இந்த மலையைத் தாண்டு, இந்த ஊரில் இன்னது சாப்பிடக் கொடுப்பார்கள் என்று வழி சொல்கிற இலக்கியம். பேராசிரியர் அதை நடத்தும்போது நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தப் பாணனுக்குச் சொன்ன வழியில் எந்த ஊரிலும் 'இந்தத் தெருவுக்குள் போகாதே, சுற்றிப் போ' என்று ஒரு வரி கிடையாது. எந்த நூற்றாண்டில் அந்த வரி சேர்ந்தது? பரிசில் வாங்க நடந்தவனின் பாதையைப் பாடத்திட்டத்தில் வைத்தார்கள். கூலி வாங்க நடந்தவளின் பாதை எந்தத் தாளில் இருக்கிறது? தேர்வில் இந்தக் கேள்வி வரவில்லை.

நடக்கிற உரிமைக்கு இங்கே நூறு வருஷத்துக்கு மேல் வரலாறு இருக்கிறது. 1893ல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்வண்டி கட்டிக்கொண்டு பொதுச்சாலையில் போனார். வண்டியில் போனது பயணத்துக்காக அல்ல, போகக்கூடாது என்றதற்காக. 1924ல் வைக்கத்தில் போராட்டம் நடந்தது கோயிலுக்குள் போவதற்கு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோயிலைச் சுற்றியிருக்கிற தெருக்களில் நடப்பதற்கு. அதற்கே தந்தை பெரியார் சிறைக்குப் போக வேண்டியிருந்தது. 1925 கடைசியில் சமரசமாகி மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன, கிழக்குத் தெரு திறக்கவில்லை. நாலில் மூன்று. அதே 1924ல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது: எந்த ஊரிலும் எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் பாதையிலும் யாரும் நடக்கலாம், தடையில்லை. என் அப்பத்தா பிறப்பதற்கு முன்பே அவளுக்கு எங்கள் மந்தை திறந்துவிட்டது! கெஜட்டில். அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடை, கிணறு, குளம், படித்துறையோடு சாலையையும் பேர் சொல்லி எழுதியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015ல் திருத்தினார்கள். 2016 ஜனவரி 26லிருந்து நடப்பில் இருக்கிற அந்தத் திருத்தத்தில், பொது இடத்தில் தலித்துகள் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது, செருப்பும் புதுத்துணியும் போடுவதைத் தடுப்பது குற்றம் என்று தனியாக எழுதியிருக்கிறது. ஒரு நாட்டின் பாராளுமன்றம் உட்கார்ந்து, 2015ல், 'சைக்கிள்' என்ற சொல்லைச் சட்டத்தில் போட வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். அதில் தடுப்பவனுக்குத் தண்டனை இருக்கிறது. தடுக்காமலே இறங்குகிறவளுக்கு அதில் ஒன்றும் இல்லை, இருக்கவும் முடியாது.

அண்ணலுக்கு 1929ல் சாலிஸ்காவ்னில் நடந்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ரயிலடியிலிருந்து மகர் குடியிருப்புக்குப் போக வேண்டும். குதிரை வண்டிக்காரர்கள் தீண்டத்தகாதவரை ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். நடந்து போயிருக்கலாம். அழைத்தவர்களுக்கு மனசு வரவில்லை. தங்கள் விருந்தாளி நடந்து வருவதா? வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, ஓட்டிப் பழகாத தங்கள் ஆளையே ஓட்டச் சொல்கிறார்கள். பாலத்தில் சக்கரம் இடித்து அண்ணல் தூக்கி எறியப்படுகிறார், கால் எலும்பு முறிகிறது. அந்த மக்கள் காப்பாற்ற நினைத்தது அவருடைய மரியாதையை. அதில் உயிர் போகப் பார்த்தது. அண்ணல் இதை எழுதும்போது அவர்கள்மேல் கோபப்படவில்லை. எது சரி? மானத்தோடு கவிழ்கிற வண்டியா, பத்திரமாகச் சுற்றிப்போகிற காலா? தூரத்திலிருந்து பதில் சொல்வது சுலபம். 1997 ஜூன் 30ல் மேலவளவில், எங்கள் பக்கத்தில், ஊராட்சித் தலைவர் முருகேசனையும் ஐந்து பேரையும் ஓடுகிற பஸ்ஸை மறித்து இறக்கி வெட்டினார்கள். பொதுச்சாலை, பட்டப்பகல், டிக்கெட் எடுத்துப் பயணம். அப்போது எனக்கு எட்டு வயது. அதற்கப்புறம் எத்தனையோ மாதம் எங்கள் வீட்டில் யாரும் யாரையும் 'ஏன் சுத்திப் போறே' என்று கேட்டதில்லை. ஆகவே அப்பத்தாவைப் பற்றி எனக்குக் கேள்வி இல்லை. என்னைப் பற்றித்தான்.

எங்கள் தோழர் ஒருவர் இந்த விஷயத்தில் தெளிவானவர். "அந்தப் பாதையில சீமைக்கருவேலம் மண்டிப் போகணும். அதுதான் நமக்கு வெற்றி. உத்தப்புரத்துல சுவத்த இடிக்கத்தானே போராடுனோம், சுவத்தச் சுத்திப்போற பாதைய ரிப்பேர் பாக்கவா போராடுனோம்?" என்பார். 1989ல் கட்டின சுவர். 2008 மே 6ல்தான் ஒரு பகுதி உடைந்து பாதை கிடைத்தது. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் ஆண், புல்லட் வைத்திருக்கிறார். கண்மாய்க்குத் துவைக்கப் போகிறவள், விறகுக்குப் போகிறவள், மடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சுடுகாட்டுக்குப் பிணத்தைத் தூக்குகிறவன், நூறுநாள் வேலைக்குக் கரைக்குப் போகிறவர்கள், இவர்களுக்கு அது இன்றைக்கும் பாதை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிப் பக்கம் நாராயணபுரத்தில் சுடுகாட்டுக்குப் போகிற வழியை நிலக்காரர்கள் அடைத்துவிட, பாலாற்றுப் பாலத்திலிருந்து பிணத்தைக் கயிறு கட்டி இறக்கினார்கள். படம் பார்த்திருப்பீர்கள். பாதை மண்டிப்போவது வெற்றி என்று அங்கே போய்ச் சொல்ல முடியாது.

இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே போன வருஷம் சுத்துப்பாதையை ஒருவர் அடைத்துவிட்டார். ஆதிக்கச் சாதிக்காரர் திட்டம் போட்டு அடைத்தார் என்று எழுதினால் கட்டுரைக்கு வசதியாக இருக்கும். உண்மை அதுவல்ல. வெளியூரிலிருந்து ஒருவர் பனைவரிசைக்குக் கீழே இருக்கிற புஞ்சையை வாங்கினார். கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்தார். பாதை நடுவில் மாட்டிக்கொண்டது. போய்க் கேட்டால், பத்திரத்தைக் காட்டுகிறார். "இதுல பாதைன்னு எங்கம்மா இருக்கு?" இல்லைதான். வி.ஏ.ஓ. ஆபீசில் புலப்படத்தைப் பார்த்தோம். மந்தைத்தெரு இருக்கிறது. வண்டிப்பாதை இருக்கிறது. வாய்க்கால் இருக்கிறது. நூறு வருஷமாகத் தேய்ந்த சுத்துப்பாதை ஒரு புள்ளிக்கோடாகக்கூட இல்லை. எங்களுக்கு உரிமை இருக்கிறது என்று சர்க்கார் எழுதிவைத்த தெருவில் நடக்க முடியவில்லை; நாங்கள் நடந்தே உண்டாக்கின பாதை சர்க்கார் ஏட்டில் இல்லை.

வக்கீல் தோழரிடம் போனோம். அவர் 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்தை எடுத்தார். அடுத்தவர் நிலத்தில் ஒரு வழியை இருபது வருஷம், அமைதியாக, வெளிப்படையாக, இடைவிடாமல், 'உரிமை என்ற முறையில்' பயன்படுத்தி வந்திருந்தால் அந்த வழி உரிமையாகிவிடும். அரசாங்க நிலமாக இருந்தால் முப்பது வருஷம். "இருபது என்ன, எண்பதுக்குக்கூட சாட்சி இருக்கு" என்றேன். "வருஷம் பிரச்சினையில்ல. உரிமைங்கிற முறையில நடந்தீங்களான்னு கேப்பான். நிலக்காரன் அனுமதி குடுத்து, அவன் தயவுல நடந்ததுன்னா நூறு வருஷம் நடந்தாலும் உரிமை வராது. அத மட்டும் மனுவுல தெளிவா எழுதிருங்க" என்றார்.

அன்றைக்கு இராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதினேன். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுப்பதற்கு. பொம்பளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். முதல் எதிர்ப்பு என் அம்மாவிடமிருந்து வந்தது.

"அந்தப் பாதைய எதுக்குடி கேக்குற?" என்றது அம்மா. "இத எழுதிக் குடுத்தா, ஒங்களுக்குத்தான் சர்க்காரே தனிப்பாதை போட்டுக் குடுத்துருக்கே, மந்தைக்குள்ள என்னா சோலின்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான். முன்னாடி வாயில சொன்னான். இப்ப பேப்பர்ல முத்திரை குத்திக் குடுக்கச் சொல்றியா?"

எனக்குச் சொரேர் என்றது. தோழர் பத்துத் தடவை சொன்னதை அம்மா ஒரே தடவையில் சொல்லிவிட்டது. ஆனால் தோழருக்குப் புல்லட் இருக்கிறது என்று சொன்ன மாதிரி அம்மாவிடம் சொல்ல முடியாது. அதற்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது புதுக்கோட்டையில் ஆயிரக்கணக்கான பெண்கள், கல்குவாரியில் உடைத்தவர்கள் உட்பட, சைக்கிள் கற்றுக்கொண்டு ரோட்டில் போனார்கள். எங்கள் ஊருக்கு அறிவொளி வந்தது, சைக்கிள் வரவில்லை. அம்மா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதோடு சரி.

பெரியம்மா ஒருத்தி சண்டைக்கு வந்தது. "ஒனக்கென்ன, ஒனக்கு மாடு இல்ல. நான் மந்தை வழியா மாட்ட ஓட்டிக்கிட்டு சாணி விழுந்தா கழுவிக்கிட்டு நிக்கணும். எனக்குக் கரைப்பாதை வேணும்." இன்னொருத்தி, "ரெண்டையும் எழுது. மந்தையிலயும் போவோம், கரையிலயும் போவோம். ஊர்க்காரன் மட்டும் எட்டு வழியில போறானே" என்றாள். சிரிப்பாகிவிட்டது. அப்படியே எழுதினேன். மந்தைத்தெரு எல்லோருக்கும் பொதுவான தெரு, அதில் நடக்கவும் வாகனம் ஓட்டவும் எங்களுக்கு உள்ள உரிமைக்கு இந்த மனு எந்த வகையிலும் பாதகமாகாது என்று ஒரு பத்தி. அதற்கடுத்துச் சுத்துப்பாதை. "எண்பது ஆண்டுகளுக்கு மேலாக மேற்படி பாதையை உரிமையுடன் பயன்படுத்தி வருகிறோம்" என்று எழுதி, சத்தமாக வாசித்தேன்.

"அது பொய்யி" என்றது அம்மா.

"எது?"

"உரிமையோடங்கிறியே, அது. உங்கப்பத்தா உரிமையோடயா நடந்துச்சு? பயந்து நடந்துச்சு. நானும் பயந்துதான் நடந்தேன். புஞ்சைக்காரன் எதுக்க வந்தா வரப்ப விட்டு எறங்கி நிப்போம். அத எழுத மாட்டியா? கூட்டத்துல எல்லாம் அதத்தான பேசுற. இப்ப பாதை வேணும்னா மட்டும் நாங்க உரிமையா நடந்தோம்னு எழுதுவியா?"

நான் பேனாவை வைத்துவிட்டேன். இந்தப் பத்திரிகையில் எங்கள் அவமானத்தை எழுதுகிறேன். அது சாட்சியம். கோர்ட்டுக்கும் கலெக்டருக்கும் அவமானத்தை எழுதினால் உரிமை போய்விடும். அங்கே நிமிர்ந்து நடந்ததாக எழுத வேண்டும். ஒரே பாதை, ஒரே கால். இரண்டு விதமாக எழுதினால் இரண்டில் ஒன்று பொய்யில்லையா? நியாயமான காரியத்துக்குச் சின்னப் பொய் என்று பெரியவர்கள் யாரும் கூசுவதில்லை. எனக்கு அம்மாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை. அது நடந்த பயத்தை நான் ஒரு மனுவுக்காக இல்லையென்று எழுதினால், அடைத்தவர் பத்திரத்தில் பாதை இல்லையென்று காட்டின மாதிரிதான்.

கொஞ்ச நேரம் கழித்து, வக்கீல் சொன்னதை நினைத்துக்கொண்டு, கேட்டேன்: "சரி, யாருகிட்டயாவது கேட்டு நடந்தீங்களா? புஞ்சைக்காரன் போங்கன்னு சொன்னானா?"

"கேக்குறதா? கேட்டா விட்டுருவானா? யாரக் கேக்கணும்? கால் போச்சு, நடந்தோம்."

"அப்ப தயவுல நடக்கல."

"எவன் தயவு? பயந்தோம்டி, கேட்டமா?"

சட்டப் புத்தகத்தில் 'உரிமை என்ற முறையில்' என்பதற்குப் பயமில்லாமல் என்று அர்த்தம் கிடையாது. அனுமதி கேட்காமல், தயவில் இல்லாமல், ஒளிந்துகொள்ளாமல் என்றுதான் அர்த்தம். அப்பத்தா பட்டப்பகலில் தலைச்சுமையோடு, யாரையும் கேட்காமல், நாலு பேர் பார்க்க நடந்திருக்கிறது. நடுங்கிக்கொண்டு நடந்திருந்தால் அது நடுக்கத்தின் கணக்கு. உரிமையின் கணக்கில் குறையாது. 'உரிமையுடன்' என்ற சொல்லை அடித்துவிட்டு, "எவர் அனுமதியையும் கேளாமல், எவர் தயவையும் நாடாமல்" என்று எழுதினேன். அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அறிவொளியில் கற்ற கையெழுத்தைப் போட்டது.

அந்த இராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்கள் பயந்தார்கள், கேட்கவில்லை. நான் இறங்கினேன், யாரும் கேட்கவில்லை. என் அப்பத்தாவை ஒதுங்கிப்போனவள் என்றும் என்னைப் படித்துப் போராடுகிறவள் என்றும் இத்தனை வருஷம் கணக்கு வைத்திருந்தேன். யார் உரிமையோடு நடந்தது என்று 1882ஆம் வருஷத்துச் சட்டப்படி பார்த்தால் அப்பத்தாவுக்குத்தான் தீர்ப்பாகும்.

2025 ஜனவரியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக மேலூர்ப் பக்கத்து மக்கள் மதுரை வரைக்கும் நடந்தார்களே, அதில் அம்மாவும் போயிருந்தது. அரிட்டாபட்டிப் பக்கத்து நிலம் முந்தின நவம்பரில் ஏலத்தில் போயிருந்தது. 2022ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத்தலம் என்று அறிவித்த மலை. இரண்டாயிரம் வருஷத்துத் தமிழிக் கல்வெட்டும் லகர் வல்லூறும் இருக்கிற மலை. கிரானைட்டுக்காரர்கள் ஏற்கனவே எத்தனையோ மலையையும் பாதையையும் தின்றுவிட்ட தாலுகா எங்களுடையது. ஊர்க்காரர்கள், காலனிக்காரர்கள் எல்லாரும் நாலுவழிச் சாலையில் ஒன்றாக நடந்தார்கள். அந்த மாதமே ஏலம் ரத்தானது. "அன்னைக்கு மட்டும் யாரும் யாரையும் பாக்கல" என்று அம்மா சொல்லும். நான் அந்த நாளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மலை போனால் எல்லோருக்கும் போகும் என்று தெரிந்தபோது ரோடு எல்லோருக்கும் ரோடாக இருந்தது. திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினதும் அவர்கள் மந்தைக்கும் இவர்கள் கரைக்கும் பிரிந்தார்கள். பழக்கம்.

மதுரை நண்பருக்குப் படத்தை வரைந்து கொடுத்தேன். கரைப்பாதைக் கோட்டையும் போட்டேன். கோட்டுக்குப் பக்கத்தில் 'சுத்துப்பாதை' என்று பேரும் எழுதினேன். எதனால் அந்தப் பெயர் என்று அவர்கள் கேட்பார்கள், கேட்டால் சொல்வேன், சொன்ன பிறகும் மீன்கொத்தியைப் பார்க்க அவர்களுக்கு மனசிருந்தால் பார்க்கட்டும். அதைச் சொல்லாமல் அழகை மட்டும் காட்டுவது அப்பத்தாவுக்குத் துரோகம். அழகே இல்லை என்று சாதிப்பது, நிழலைச் சொல்லிச் சொல்லியே நடந்த அதே அப்பத்தாவுக்கு இன்னொரு துரோகம். அந்தப் பாதையில் அதற்குக் கிடைத்ததும் அந்த நிழல் ஒன்றுதான்.

அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் வந்தார்கள். கியர் வைத்த சைக்கிள்கள், தலைக்கவசம், முதுகில் தண்ணீர்ப் பை. என்னையும் கூப்பிட்டார்கள். என்னிடம் இருந்தது தம்பி மகளுக்கு அரசாங்கம் கொடுத்த சைக்கிள். மந்தை வழியாகத்தான் கூட்டிக்கொண்டு போனேன். வேப்பமரத்தடியில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பழைய பெரியவர் செத்து வெகுநாளாயிற்று. டாக்டரம்மா அவர்களைப் பார்த்துக் கையசைத்தார், அவர்களும் சிரித்துக்கொண்டே கையசைத்தார்கள். "எந்த ஊருங்க?" என்று ஒருவர் அன்பாக விசாரித்தார். எட்டுப் பேருக்கு நடுவில் நானும் மிதித்துக்கொண்டு போனேன். இறங்கவில்லை. ஆனால் அது நான் இறங்காததா, தலைக்கவசங்களுக்கு நடுவில் யாருக்கும் நான் தெரியாமல் போனதா? அதைத் தெரிந்துகொள்ள மறுநாள் காலையில் தனியாக ஒருதரம் போனேன். ஒரு கிழவர் மட்டும் இருந்தார். பார்த்தார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கால் பெடலில் இருந்தது.

மனு போய் ஆறு மாதமாகிறது. சர்வேயர் வந்து அளப்பார் என்று பதில் வந்திருக்கிறது, வரவில்லை. முள்கம்பி அப்படியே இருக்கிறது. கீழ்க்கம்பியைப் பிள்ளைகள் யாரோ வளைத்துவிட்டிருக்கிறார்கள். பொம்பளைகள் விறகுக்கட்டை முதலில் அந்தப் பக்கம் தள்ளிவிட்டு நுழைந்து போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அந்த இடத்துக்கு வந்தபோது, நுழைகிறவர்களுக்குக் குனிந்தால் போதும். சைக்கிளைத்தான் ஒவ்வொன்றாகத் தரையில் படுக்கப்போட்டு இழுக்க வேண்டியிருந்தது. பேங்க்காரர் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அம்மா அந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு சைக்கிளாக வாங்கி நிமிர்த்தி வைத்தது.